வராத ஆளுக்குப் பத்து வருஷம்

குலசேகரனுக்குப் பத்து வருஷம் கடுங்காவல் என்று காரைக்கால் கோர்ட்டில் தீர்ப்பு ஆனபோது, குலசேகரன் வாஞ்சூர் கேட்டுக்கு அந்தப் பக்கம், பீர் மைதீன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மசால்வடை தின்றுகொண்டிருந்தான். கோர்ட்டில் கூண்டு காலி. காலிக் கூண்டைப் பார்த்து பிரெஞ்சு ஜட்ஜ் விரலை ஆட்டி ஆட்டிப் பேசினார். கூண்டும் பாவம், எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

வெட்டுப்பட்டவள் காசியம்மா. காரைக்கால் பக்கத்துக் கருக்களாச்சேரியிலிருந்து தினமும் மீன்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நாகூருக்கு நடப்பவள். குலசேகரன் கடத்தல்காரர்களுக்கு அடியாள். அப்போது காரைக்கால் பிரெஞ்சுக்காரன் சீமை, வாஞ்சூர் கேட்டைத் தாண்டினால் இந்தியா. இங்கே மலிவாக வந்து இறங்கிய கைக்கடிகாரங்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு தலை வேண்டும். மீனுக்கு அடியில் வைத்துக் கொண்டு போ என்று காசியம்மாவிடம் ஒரு பொட்டலத்தை நீட்டினான். அவள் வாங்கி, அவன் கண்ணெதிரேயே வாய்க்காலில் வீசினாள். வீசியதோடு விட்டிருக்கலாம். அவன் அம்மாவைப் பற்றி இரண்டு வார்த்தையும் சேர்த்துச் சொன்னாள். அவன் அரிவாளை எடுத்தான். இடது முழங்கைக்கு மேலே இரண்டு வெட்டு. கை தோளில்தான் இருந்தது, ஆனால் எதற்கும் ஆகாமல் தொங்கியது. வெட்டிய சூட்டோடு அவன் ஓட்டமாக ஓடி கேட்டைத் தாண்டிவிட்டான். அதற்கு அப்பால் பிரெஞ்சுப் போலீஸ் கால் வைக்க முடியாது. ஐம்பத்தொன்றாம் வருஷம் அது.

தீர்ப்பைத் தமிழில் சொல்ல கஸ்தோன் இருந்தார். கோர்ட்டில் மொழிபெயர்ப்பு வேலை அவருக்கு. சித்திரை வெயிலிலும் கறுப்புக் கோட்டைக் கழற்றாத மனுஷன்.

"பத்து வருஷம், காசியம்மா! கேட்டியா? பத்து!"

"கேட்டேங்க. ஆளு எங்கங்க?"

"ஆள் பிறகு கிடைப்பான். தீர்ப்பு கிடைச்சிடுச்சுல்ல?"

"தீர்ப்ப வச்சு நான் என்ன கொழம்பா வைக்கிறது?"

கஸ்தோன் கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். தீர்ப்பின் நகல் ஒன்றைக் கொண்டுபோய் குலசேகரன் வீட்டுக் கதவில் ஒட்டினார்கள். பசை நல்ல மைதாப் பசை. சாயங்காலத்துக்குள் ஏதோ ஒரு ஆடு ஏழு வருஷத்தைத் தின்றுவிட்டுப் போயிற்று.

மறுநாள் காலையில் காசியம்மா வழக்கம்போல கேட்டில் கூடையை இறக்கினாள். சுங்கக்காரர்கள் இரும்புக் கம்பியால் மீனைக் குத்திப் பார்த்து, சரி போ என்றார்கள். போகத்தான் வேண்டும், ஆனால் எப்படிப் போவது? இரண்டு கையும் நன்றாக இருந்த காலத்திலேயே நிறைகூடையைத் தலைக்கு ஏற்ற ஒரு ஆள் தூக்கி விட வேண்டும். இப்போது ஒற்றைக் கை. வருகிறவன் போகிறவனிடமெல்லாம், "செத்த தூக்கி விடுங்களேன்" என்று கெஞ்சிக்கொண்டு நின்றாள். வெட்டுப்பட்ட வலியைவிட இந்தக் கெஞ்சல்தான் அவளுக்குப் பெரிய வலி. கடைசியில் பீர் மைதீன்தான் அடுப்பை விட்டு இறங்கி வந்து தூக்கி விட்டார்.

பெஞ்சிலிருந்து குலசேகரன் குரல் கொடுத்தான். "என்னக்கா, எனக்குப் பத்து வருஷமாமே? இன்னிக்கு ரெண்டாவது நாளு. ஒரு டீ குடிக்கிறியா?"

பெஞ்சே சிரித்தது. காசியம்மாவுக்குத் தொண்டை வரை வசவு வந்தது. ஆனால் அவனைப் பார்த்தால் அந்தச் செத்த கைக்குக்கூடக் குளிர் எடுத்தது. வாயை மூடிக்கொண்டு நடந்தாள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மூன்று வருஷம் அப்படித்தான் நடந்தாள். பத்து வருஷத் தண்டனை அனுபவிக்கிறவன் நாளுக்கு நாள் கன்னம் உப்பிக்கொண்டு வந்தான்.

ஐம்பத்துநாலு நவம்பர் ஒன்றாம் தேதி காரைக்கால் இந்தியாவோடு சேர்ந்தது. ஊரெல்லாம் கொடி, மிட்டாய், நாதஸ்வரம். காசியம்மா மிட்டாயும் வாங்கவில்லை, கொடியும் பிடிக்கவில்லை. நேரே போலீஸ் ஸ்டேஷன் வாசலில் போய்க் கூடையை இறக்கினாள். கான்ஸ்டபிள் வைத்தியலிங்கம் புதுத் தொப்பியைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, கேட்டத் தூக்கிட்டாங்களாமே?"

"ஆமா, இன்னியோட கேட்டு கெடயாது."

"அப்ப கெளம்புங்க. அவன் டீ குடிக்கிற நேரம்."

வைத்தியலிங்கம் போனபோது குலசேகரன் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். போலீசைப் பார்த்ததும் கேட்டு இருந்த இடத்தைக் கையால் காட்டி, "இது இந்தியா. நீங்க இங்க வரப்படாது" என்றான்.

"இன்னிலேர்ந்து நாங்களும் இந்தியாதான்யா, எந்திரி."

குலசேகரன் வாய் பிளந்தபடியே விலங்கு மாட்டிக்கொண்டான். அன்றைக்குக் காசியம்மா வீட்டில் வஞ்சிரம் குழம்பு. விற்கிற மீனைத் தனக்கென்று வைத்துக்கொண்டது அந்த மூன்று வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

குழம்பு சூடு ஆறுவதற்குள் கஸ்தோன் ஆள் விட்டு அழைத்தார்.

"ஓடிப்போனவனுக்குச் சொன்ன தீர்ப்பு, ஆள் கையில சிக்கின உடனே செல்லாமப் போயிடும். மறுபடி முதல்லேர்ந்து விசாரிக்கணும்."

"ஆளு இல்லாதப்பதான் செல்லுமா? எந்த ஊரு சட்டங்க இது?"

"பிரெஞ்சுச் சட்டம்."

"அவங்கதான் மூட்ட கட்டிட்டாங்களே!"

"அவங்க போயிட்டாங்க. சட்டப் புஸ்தகத்தை எடுத்துட்டுப் போகல" என்றார் கஸ்தோன். அவருக்கு அதில் பெருமையா வருத்தமா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

மறுவிசாரணைக்குக் குலசேகரன் நெற்றி நிறைய விபூதியோடு வந்தான். அவன் அம்மா கோர்ட்டு வாசலில் விழுந்து புரண்டாள். அவன் பெண்டாட்டி இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று இரண்டு பிள்ளைகளோடு நின்றாள். தேடப்படும் குற்றவாளியாக இருந்துகொண்டே ஆற அமரச் சம்பாதித்த குடும்பம். மூன்று வருஷம் பிறந்த மண்ணைப் பிரிந்து என் கட்சிக்காரர் அன்னிய நாட்டில் வாடினார் என்று வக்கீல் குரல் கம்மினார். அன்னிய நாடு என்றால் பத்து அடி. புது ஜட்ஜ் இளகிய மனசுக்காரர். காலிக் கூண்டைப் பார்த்துக் கோபப்படுவது சுலபம். கூண்டில் ஒருத்தன் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றால் யாருக்கும் கை தாழும்தான். காசியம்மாவும் கையைக் காட்டினாள். அவளுக்கு அழ வரவில்லை, வசவுதான் வந்தது. இரண்டு தடவை அடக்கி உட்கார வைத்தார்கள்.

"ரெண்டு வருஷம், காசியம்மா" என்றார் கஸ்தோன். "ஆனா, சுர்சி."

"அப்படின்னா?"

"தண்டனை உண்டு, இப்ப அனுபவிக்க வேண்டாம். வீட்டுக்குப் போகலாம். அஞ்சு வருஷத்துக்குள்ள மறுபடி யாரையாவது அடிச்சான், வெட்டினான்னா, புதுத் தண்டனையோட இந்த ரெண்டு வருஷமும் சேர்ந்து அவன் தலையில விழும்."

போகத் திரும்பிய காசியம்மா நின்றாள். "யாரையாவதுன்னா, என்னையும் சேத்துத்தானே?"

"சேர்த்துத்தான். எதுக்குக் கேக்குற?"

"சும்மாதாங்க."

மறுநாளே தொடங்கிவிட்டாள். குலசேகரன் அதே பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்திருந்தான். முன்பு சட்டம் எட்டாததால் உட்கார்ந்தவன், இப்போது சட்டமே போகச் சொன்னதால் உட்கார்ந்திருந்தான். காசியம்மா அவன் எதிரே கூடையை இறக்கி, மூன்று வருஷமாகத் தொண்டையில் நின்றதையெல்லாம் எடுத்து விட்டாள். கட்டையில போறவனே என்று ஆரம்பித்து, அவன் அப்பன், பாட்டன் வரை போய், திரும்பி வரும்போது அவன் மாமியார் வீட்டையும் தொட்டுவிட்டு வந்தாள். அவன் பல்லைக் கடித்தான். வக்கீல் அவனுக்கும் சுர்சியை விளக்கமாகச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

அடுத்த நாளும் வந்தாள். அதற்கு அடுத்த நாளும் வந்தாள். ஒரு நாள் மத்தியைச் செதிலோடு அவன் டீ கிளாஸில் போட்டாள். வேடிக்கை பார்க்க ஆள் சேர்ந்தது. பீர் மைதீன் இன்னொரு பெஞ்சு வாங்கிப் போட்டார்.

"அல்லாவுக்காகச் சொல்றேன் காசியம்மா, வேணாம்" என்றார் தனியாக. "அவன் மிருகம்."

"மிருகம்னு தெரியுமில்ல? அப்பறம் ஏன் அவுத்து விட்டாங்க? நானே கட்டிக்கறேன்."

பதினோராம் நாள் அவள் அவன் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாள். சொல்லக்கூடாத வார்த்தைதான், அவளுக்கே தெரியும். குலசேகரன் எழுந்தான். பெஞ்சு பின்னால் சாய்ந்து விழுந்தது. வலது கை தலைக்கு மேலே போயிற்று.

"அடிடா!" என்று காசியம்மா தன் கையை நீட்டினாள். "வா, வெட்டு. இதையும் வெட்டு!"

பால் பொங்கி அடுப்பில் வழிகிற சத்தம் மட்டும் கேட்டது. நீட்டிய கையை அப்போதுதான் காசியம்மா பார்த்தாள். வலது கை. இருக்கிற ஒரே கை. இவன் உள்ளே போவான், சரி. கூடையை எந்தக் கை பிடிக்கும்? சோற்றை எந்தக் கை பிசையும்? அடப்பாவிகளா, இவனைப் பூட்டி வைக்க இந்தக் கையையும் அல்லவா கேட்கிறார்கள்! பயமும் ஆத்திரமுமாகக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது. அவனும் மனசுக்குள் இரண்டு வருஷத்தை எண்ணிக்கொண்டிருந்தான். மெதுவாகக் கையை இறக்கினான்.

காசியம்மாவும் கையை மடக்கிக்கொண்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"பாய், இவன் என் மேல கைய ஓங்கினதப் பாத்தீங்களா?"

"பார்த்தேன்" என்றார் பீர் மைதீன். "கடையே பார்த்துச்சு."

"வைத்தியலிங்கத்துக்கிட்ட சொல்லவா வேணாமாடா?"

குலசேகரன் விழுந்த பெஞ்சைத் தூக்கி நிமிர்த்தினான். "இப்ப என்னக்கா வேணும் ஒனக்கு?"

"கூடையத் தூக்கி விடு."

"என்னது?"

"காது செவிடா? நீ வெட்டின கை தூக்க மாட்டேங்குது. நீ தூக்கு. நாளைக்கும் தூக்கணும், நாளான்னிக்கும் தூக்கணும். அஞ்சு வருஷம். ஒரு நாள் வரல, நேரா ஸ்டேஷன்தான்."

அவன் சுற்றிலும் பார்த்தான். யாரும் அவனுக்காக வாயைத் திறக்கவில்லை. குனிந்து கூடையைத் தூக்கினான். கூடையிலிருந்து மீன் தண்ணீர் அவன் வெள்ளைச் சட்டையில் கழுத்திலிருந்து தொப்புள் வரை ஒழுகியது. பெஞ்சு இப்போதும் சிரித்தது, ஆனால் வேறு பக்கம் பார்த்துச் சிரித்தது.

காசியம்மா கெத்தாகத்தான் நடந்தாள். நாகூர் தர்கா மினாரா கண்ணில் படும் வரை திரும்பிப் பார்க்கவில்லை. அவன் மூச்சு முகத்தில் பட்ட இடம் மட்டும் வழியெல்லாம் அரித்துக்கொண்டே வந்தது.

மறுநாள் காலை கருக்களாச்சேரியில் கூடையை முன்னால் வைத்துக்கொண்டு அவள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். திருநள்ளாறு பக்கம் போகலாமா என்று பார்த்தாள்; அங்கே கோயிலுக்கு வருகிறவனிடம் போய் யார் மீன் விற்பது? பக்கத்து வீட்டுக்காரியைத் தூக்கி விடச் சொல்லி வாஞ்சூருக்கே நடந்தாள்.

குலசேகரன் பழைய சட்டை போட்டுக்கொண்டு தயாராக நின்றிருந்தான். அவள் பீர் மைதீனுக்குக் கொஞ்சம் சுதும்பு மீன் கொடுத்துவிட்டு வந்து நின்றாள். அவன் குனிந்தான். முகம் பக்கத்தில் வந்தது. அந்தச் செத்த கைக்கு மறுபடி குளிர் எடுத்தது.

"சீக்கிரம் தூக்குடா" என்றாள். "தினம் ஒன் மூஞ்சியப் பாக்க எனக்கும் அஞ்சு வருஷம்தான்."