சிந்துவுக்காக ஒரு மண்டலம்

எனக்கு எத்துப்பல். மேல் வரிசையில் முன்பற்கள் இரண்டும் உதட்டைத் தள்ளிக்கொண்டு வந்து ஊரை எட்டிப் பார்க்கும். பள்ளிக்கூட குரூப் போட்டோவிலிருந்து கல்யாண ஆல்பம் வரை எல்லாவற்றிலும் நான் வாயை இறுக்கி மூடியிருக்கிறேன். ஆல்பத்தைப் பார்க்கிறவர்கள் என்னை மிரட்டி மணமேடையில் உட்கார வைத்ததாகத்தான் நினைப்பார்கள். நாற்பத்து மூன்று வயதில், லோதி ரோடு ஆபீஸில் செக்‌ஷன் ஆபீசர் ஆன பிறகு, ஒருநாள் வீட்டில் பல்லைச் சரிசெய்வது பற்றிப் பேச்செடுத்தேன். இனிமேல் உன்னை யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டார் அத்தை, என் மாமியார். என் கணவர் செல்வராஜ் சிரித்தார். அவருக்குப் பல்வரிசை நன்றாக இருக்கும்.

அதனால் யாரிடமும் சொல்லாமல் செய்துகொண்டேன். துவாரகாவில் எங்கள் சொசைட்டியிலிருந்து இரண்டு செக்டர் தள்ளி டாக்டர் ஜ்யோத்ஸ்னாவின் கிளினிக். கம்பியெல்லாம் வேண்டாம், கண்ணாடி மாதிரி மெல்லிய பிளாஸ்டிக் உறை போதும், மாட்டியிருப்பது பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது என்றார் அவர். ஒரு நாளைக்கு இருபத்திரண்டு மணி நேரம் அது வாயில் இருக்க வேண்டும். சாப்பிடக் கழற்றலாம். சாப்பிட்டதும் பல் தேய்த்துவிட்டு மறுபடி மாட்ட வேண்டும். தண்ணீர் தவிர டீகூட ஆகாது. பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது என்பது உண்மைதான். ஷிப்ட் முடிந்து வந்து டிவியைப் பார்த்தபடி சாப்பிடும் செல்வராஜுக்குத் தெரியவே இல்லை.

ஆனால் எங்கள் வீட்டு ஆட்கள் யாரையும் சும்மா இருக்க விடமாட்டார்கள். பார்த்த நேரமெல்லாம் எதையாவது தின்னச் சொல்வார்கள். பக்கத்து பிளாக்கில் செல்வராஜின் தம்பி பிரதீப்பும் அவன் மனைவி சிந்துவும் இருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் கூடியிருந்தோம். அதற்குள் இரண்டு முறை பாத்ரூமுக்குப் போய் உறையைக் கழற்றி, தேய்த்து, மாட்டி வந்துவிட்டேன். மூன்றாவதாக சிந்து கேசரித் தட்டை நீட்டினாள். எச்சில் பட்ட டம்ளரை மேஜையில் வைத்தாலே முகம் சுளிக்கும் அத்தை எதிரில் உட்கார்ந்திருக்கிறார். வாயிலிருந்து எதையாவது உருவினால் அந்த வீட்டையே கழுவிவிடச் சொல்வார். இன்னொரு முறை எழுந்து போனால் வயிற்றுக்கு என்ன என்று விசாரணை வரும்.

விரதம் என்று சொல்லிவிட்டேன்.

இன்றைக்கு என்ன விரதம் என்று அத்தை கேட்டார். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், ஒரு வேளைதான் சாப்பாடு என்றேன். வாய் தானாகவே பேசிக்கொண்டு போனது.

"யாருக்காக வேண்டியிருக்க?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். சிந்து தட்டைப் பிடித்தபடி நின்றாள். அவளுக்கு முப்பத்து நான்கு வயது. இரண்டு முறை டெஸ்ட் டியூப் சிகிச்சை எடுத்துக் கலைந்துபோய், மூன்றாவது முறைக்கு மறுநாள் ஊசி ஆரம்பம்.

"சிந்துவுக்காகத்தான்," என்றேன்.

அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தன் அம்மாகூடத் தனக்காக எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை என்றாள். அந்த நிமிஷமே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மாட்டிக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து காலையில் ஏழு மணிக்கு சிந்துவிடமிருந்து விரத நாள் கணக்கு வாட்ஸ்அப்பில் வரும். 'இன்னைக்கு ரெண்டு, அக்கா.' 'இன்னைக்கு ஒன்பது, அக்கா.' கூடவே கைகூப்பும் படம். நான் பதிலுக்கு ஒரு கைகூப்பல் அனுப்பிவிட்டு மெட்ரோவில் நின்றுகொண்டே என்னைத் திட்டிக்கொள்வேன். வீட்டில் எனக்கு டிபன் டப்பா கிடையாது, ராத்திரி மட்டும்தான் சாப்பாடு. அதனால் ஆபீஸ் கேன்டீனில் மூலை மேஜையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சோலே குல்ச்சா தின்றேன். எங்கள் சொசைட்டிக்காரர் யாராவது அங்கே வந்துவிடுவார்களோ என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். கேன்டீன் பையன் ஒருநாள், மேடம், உங்களை யாராவது துரத்துகிறார்களா என்று கேட்டான்.

பொய்யை உண்மையாக்கிவிடலாம் என்றும் பார்த்தேன். பன்னிரண்டாம் நாள் நிஜமாகவே பட்டினி இருந்தேன். மூன்று மணிக்குத் தலைவலி மண்டையைப் பிளந்தது. மூன்றேகாலுக்கு சமோசா தின்றேன். எனக்கு அவ்வளவுதான் பக்தி.

சிந்து ஒவ்வொரு சாயங்காலமும் ஊசி போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்காருவாள். வலியைப் பற்றிச் சொல்லமாட்டாள். நீங்க இருக்கீங்கல்ல அக்கா என்பாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பேன். அந்த முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொள்வேன். அத்தை வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி, கொழுந்தன் பெண்டாட்டிக்காக இப்படி வயிற்றைக் காயப் போடுகிறவளை எங்கே பார்க்கப் போகிறீர்கள் என்று பெருமையடித்தார். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவர் என்னைப் புகழ்ந்தது அப்போதுதான். பல் என்னவோ கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. கண்ணாடியில் அதைப் பார்க்கவே எனக்கு வெறுப்பாக இருந்தது.

முப்பத்தேழாவது நாள், காலை பதினொரு மணிக்கு ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. தங்கவில்லை.

எல்லோரும் சிந்து வீட்டு ஹாலில் உட்கார்ந்திருந்தோம். இது யார் செய்த தப்பும் இல்லை, சில சமயம் இப்படி ஆகும் என்று டாக்டர் போனில் சொல்லியிருந்தார். அதை அந்த ஹாலில் யாரும் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. லிப்ட் ரிப்பேரான அன்றைக்கு நாலு மாடி படியேறினாளே, அப்பவே நினைச்சேன் என்றார் அத்தை. வேலைக்கு லீவு போடச் சொன்னேன், கேட்டாளா என்றான் பிரதீப், அவளைப் பார்க்காமல். செல்வராஜ் தலையை ஆட்டினார். சிந்து தரையைப் பார்த்தபடி படியேறிய நாளைத் தேதியோடு சொன்னாள். பிறகு ஒருநாள் பஸ்ஸில் நின்றுகொண்டு போனதை அவளே சொன்னாள். ஒருநாள் குளிர்ந்த தண்ணீர் குடித்ததையும் சொன்னாள். தன் தப்புகளை அவளே தேடித் தேடி எடுத்து அவர்கள் கையில் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, நீங்க ஒரு நாள்கூட விடலைதான?"

விடவில்லை என்று சொன்னால் நான் தப்பித்தேன். என் பெயர் அந்த வீட்டில் இன்னும் ஏறும். ஆனால் விரதமும் சரி, டாக்டரும் சரி, மருந்தும் சரி என்றால் தப்பு என்று மிச்சமிருப்பது அவள் உடம்பு ஒன்றுதான். அதைத்தான் அவள் என்னிடம் கேட்டாள். அவள் கேட்டது எனக்குப் புரிந்தது. மற்றவர்களுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை.

விரலை வாய்க்குள் விட்டு மேல், கீழ் உறைகள் இரண்டையும் எல்லோர் முன்னாலும் கழற்றினேன். எச்சில் நூலாக இழுத்தது. உள்ளங்கையில் வைத்து நீட்டினேன்.

"இது பல்லுக்குப் போடுறது. இதைக் கழட்டக் கூச்சப்பட்டுத்தான் விரதம்னு சொன்னேன். நான் ஒரு நாள்கூட விரதம் இருக்கலை சிந்து. தினமும் ஆபீஸ்ல வயிறு முட்டச் சாப்பிட்டேன்."

அத்தை எழுந்துவிட்டார். தெய்வத்தின் பெயரைச் சொல்லி ஏமாற்றியிருக்கிறாள், ஒரு குழந்தையையே அழித்துவிட்டாள் என்று ஆரம்பித்து, என் அப்பா அம்மா வரைக்கும் போனார். பிரதீப் என்னைப் பார்த்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. செல்வராஜ் என் பல்லைக் குனிந்து பார்த்தார். வீட்டுக்கு வா, பேசிக்கொள்கிறேன் என்றார்.

சிந்து என் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"பல்லுக்காகவா அக்கா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முதுகு நிமிர்ந்தது. காலையிலிருந்து முதல் தடவையாகத் தன் கணவன் பக்கம் திரும்பினாள்.

"கேட்டீங்களா? நான் படி ஏறினதுனால இல்ல."

என்னாலும் இல்லை என்று நாக்கு நுனி வரை வந்தது. நான் உறைகளை மாட்டிக்கொண்டு வாயை மூடினேன்.