வெள்ளகவியில் விட்ட ஷூ

எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் ரெக்ஸின் காலில் ஷூ இல்லை. வெறும் சாக்ஸோடு, கூரான கல் மேல், வழிகாட்டி ஆனந்தின் தோளில் கை போட்டுக்கொண்டு, நீராவி எஞ்சினைப் பற்றி அளந்தபடி மனிதர் ஜோராக நடந்துகொண்டிருந்தார்.

பல வருஷச் சர்க்கரை அவருக்கு. போன வருஷம் செருப்புக்குள் ஆணி ஏறியது தெரியாமல் நாள் முழுக்க டாக்ஸி ஓட்டி, கடைசியில் சுண்டுவிரலையே எடுக்க வேண்டியதாயிற்று. வீட்டுக்குள்கூட வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "இப்போ கால்ல உணர்ச்சியெல்லாம் வந்துருச்சு ஹெப்சி" என்று மாதக்கணக்கில் என்னை நம்ப வைத்தவர் இவர். அதை நம்பித்தான், மலையிறங்கிப் போய் சாயங்காலம் கொடை ரோட்டில் ஸ்பெஷலாக விடும் நீராவி ரயிலில் ஏறுகிற இந்த ஒருநாள் பயணத்துக்குத் தலையாட்டினேன்.

வழியிலிருந்த வெள்ளகவி மலைக்கிராமத்தைச் சாமி மண் என்பார்கள்; ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. எல்லையிலேயே ஆனந்த் படித்துப் படித்துச் சொன்னான்: "கழட்டிக் கையில எடுத்துக்கங்க. இந்த வழியா நம்ம திரும்பி வரமாட்டோம்." இவரோ சர்ச் வாசலில் விடுகிற பழக்கத்தில் ஜோடி சேர்த்து ஓரமாக வைத்துவிட்டு வந்திருக்கிறார். ஊரின் மறுகோடியில் நானும் கூட வந்தவர்களும் குனிந்து ஷூ மாட்டியபோது ஆனந்தோடு முன்னால் போய்விட்டார். மறந்தது பெரிதல்ல. இவ்வளவு கல்லிலும் முள்ளிலும் நடந்தும் வெறுங்கால் என்று தெரியாமல் போனதே, அதுதான்.

"ஏங்க, நில்லுங்க! ஷூ எங்க?"

குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் வந்துபோன பயத்தை நான் பார்த்துவிட்டேன். உடனே சிரித்துச் சமாளித்தார்.

"நான் வெரசா ஏறி எடுத்தாந்துர்றேன் சார்," என்றான் ஆனந்த்.

"வேணாம் தம்பி, ரயிலு போயிரும்."

"போனா போகுது. உக்காருங்க, காலப் பாக்கணும்," என்றேன்.

"எல்லாரையும் நிப்பாட்டி வைக்காத ஹெப்சி. ரயில்ல ஏறிட்டுப் பாத்துக்கலாம்."

ஆனந்த் தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்தான். மலையடிவாரக் கும்பக்கரை வரை அந்தச் செருப்பிலேயே என் கண். அங்கிருந்து கொடை ரோட்டுக்குப் போன வேனில் அவர் சாக்ஸைத் தொட்டேன், தட்டிவிட்டார். கோபம் வந்தது. அதைவிடப் பயம் வந்தது. இன்னொரு விரல், அப்புறம் பாதம் என்று மனசு வேண்டாததையெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தது.

ரயில் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியது. விசில் கேட்டதும் பிள்ளை மாதிரி ஜன்னலில் ஒட்டிக்கொண்டார். அதுதான் சமயமென்று காலை இழுத்து மடியில் வைத்துச் சாக்ஸை உருவினேன். குதிகாலில் ஒரு முள் முழுசாக இறங்கியிருந்தது. சுற்றிலும் ரத்தம் காய்ந்து கிடந்தது.

"முள்ளத் தொடப் போறேன். வலிச்சா சொல்லுங்க."

"ஆ… வலிக்குது, வலிக்குது. மெதுவா," என்றார், வெளியே பார்த்தபடியே.

என் விரல் இன்னும் முள்ளைத் தொடவே இல்லை. அது அப்படியே நின்றது. ஜன்னல் வழியே வந்த கரித்தூள் அதன் மேல் படிந்துகொண்டிருந்தது.