கீறல் இல்லாமல்

எழுந்தான். பல் தேய்த்தான். அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு இரண்டு தம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தான். தண்ணீர் கொதிப்பதற்குள் பையிலிருந்த மூன்று பேட்டரிகளையும் எடுத்து, ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பார்த்தான். எதுவும் உப்பவில்லை. சன்னலோரம் தரையில் வைத்து சார்ஜரில் மாட்டினான்.

விடுமுறை நாள் காலையில் அது அவன் வேலை. ரிமோட் விமானத்தைப் பறக்க விடுவது அவன் மனைவி. சார்ஜ் போடுவது, பெட்டி தூக்குவது, புதருக்குள் விழுந்தால் முள்ளில் கையை விட்டுத் தேடி எடுத்து வருவது எல்லாம் அவன். "நீதான்டா என் தரைப்படை" என்பாள்.

இரண்டு தம்ளரிலும் தேநீரை ஊற்றிய பிறகுதான் கூடத்தில் ஆட்கள் இருப்பது கண்ணில் பட்டது. மச்சான் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தான். அத்தை சோபாவில் நேற்று உட்கார்ந்தபடியே இருந்தார். சாப்பாட்டு மேசையில் மஞ்சள் இறக்கை விமானம் இருந்தது. அதை யார் காரிலிருந்து எடுத்து வந்தார்கள் என்று யோசித்தான். அவனாகத்தான் இருக்க வேண்டும்.

இரண்டாவது தம்ளரை அத்தையிடம் கொடுத்தான்.

"அவளுக்குப் போட்டதா?"

"ஆமா அத்தை."

அவர் வாங்கிக் குடித்தார்.

அவள் நேற்று மாலை ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். காலையில் தலைவலி என்றுதான் சொன்னாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள், "ஊர்க் கண்ணையெல்லாம் பார்க்கிறேன், என் கண்ணைப் பார்க்க ஆளில்லை. பவர் மாத்தணும்" என்று சிரித்துவிட்டுத் தொப்பியை எடுத்தாள். இன்று உடலை எடுத்து வரவேண்டும். வண்டிக்குச் சொல்லியிருந்தார்கள்.

"மச்சான்" என்றான். மச்சான் கண் திறந்தான். "டாக்டர் என்ன சொன்னார்? 'முன்னாடியே வந்திருந்தாலும்'னு ஆரம்பிச்சாரே, அப்புறம்?"

"நீதானே பக்கத்துல நின்னு தலையாட்டினே?"

"ஆட்டினேன். முடிவு ஞாபகமில்ல."

மச்சான் முகத்தை இரு கையாலும் துடைத்தான். "ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுன்னார். அப்படித்தான்னு நினைக்கிறேன்."

அப்போது சார்ஜர் கீக் கீக் என்று கத்தியது.

"என்ன மாப்பிள்ளை அது?" என்றார் அத்தை.

"பேட்டரி நிறைஞ்சிடுச்சுன்னு சொல்லுது அத்தை."

"எதுக்கு?"

போய் அணைத்தான். அத்தைக்கு அந்த விமானத்தை எப்போதுமே பிடிக்காது. "பிள்ளைக்குப் பொம்மை வாங்குற வயசுல தனக்கே வாங்கிக்கிறா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். ஆனால் போன மாதம் மைதானத்துக்கு வந்து, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துவிட்டு, "இறங்குறப்பதான் நெஞ்சு அடிச்சுக்குது" என்றார்.

கேப்டன் வந்தார். அது மைதானத்தில் வைத்த பட்டப்பெயர். ஆள் பஸ் டிரைவர். ஓட்டிய பஸ்ஸில் ஒரு இடி கிடையாது, விட்ட விமானம் ஒன்றுகூட மரத்துக்குத் தப்பியது கிடையாது. நேற்று அவருக்கு டூட்டி. மற்றவர்களும் காற்று சரியில்லை என்று சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள். மைதானத்தில் இவர்கள் இரண்டு பேர்தான்.

கேப்டன் மேசைப் பக்கம் வந்தார். கை தானாக விமானத்தை எடுத்தது. புரட்டினார். சக்கரத்தைச் சுண்டிவிட்டார்.

"ஒரு கீறல் இல்லையே. நேத்து அந்தக் காத்துலயா இறங்குச்சு? கண்ணாடியம்மா கையே கை."

"நான் இறக்கினேன்" என்றான்.

"நீயா தம்பி? ஒரு வருஷமா அந்தப் பொண்ணு ரிமோட்டை நீட்டும், நீ ஓடுவே. முதல் தடவையிலயா இப்படி? எனக்கு இன்னும்..." வாய் நின்றது. விமானத்தை மெல்ல மேசையில் வைத்தார். சன்னலோரம் பேட்டரிகளைப் பார்த்தார். "நிறைச்சு வெச்சிருக்கே. சும்மா கிடந்தா உப்பிடும். நான் எடுத்துட்டுப் போய் ஓட்டித் தரவா?"

"வேணாம்."

கேப்டன் வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

அத்தை தம்ளரைக் கீழே வைத்தார். "நீங்க இறக்கினப்போ அவ எங்க இருந்தா?"

"என் பின்னாடி. புல்லுல உட்கார்ந்திருந்தா."

"நீங்க திரும்பிப் பார்க்கலையா?"

அவன் வாயைத் திறந்தான். நேற்று விமானம் மேலே இருக்கும்போதே 'இந்தா பிடி' என்று ரிமோட்டைக் கையில் திணித்தாள். உட்காரணும் போல இருக்கு என்றாள். அவனைப் பழக்க அவள் போடும் புதுத் தந்திரம் என்று நினைத்தான். அவள் குரலில் சிரிப்பு இருந்தது. இருந்ததா? நேற்று முழுக்க இருந்தது, இப்போது தேடினால் கிடைக்கவில்லை. அந்த மைதானத்தில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. ரிமோட் பிடித்தவன், தலையே போனாலும், விமானத்திலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. பின்னால் நிற்பவர் சொல்லுவார், இவன் காதால் கேட்டுக் கையால் செய்ய வேண்டும். அவள் சொன்னாள், அவன் செய்தான். இடது. கொஞ்சம் வலது. வேகத்தைக் குறை. தரை நெருங்கியதும் அவன் விமானத்தின் மூக்கை மேலே தூக்கப் பார்த்தான். சக்கரம் புல்லைத் தொட்டு, உருண்டு, நின்றது. வாயெல்லாம் பல்லாகத் திரும்பினான். அவள் புல்லில் சரிந்து கிடந்தாள்.

"பார்க்கல அத்தை" என்றான். "கண்ணை எடுக்கக் கூடாது."

மச்சான் எழுந்தான். "அம்மா, விடேன். அவனைப் போட்டு ஏன்..."

"நீ சும்மா இருடா." அத்தை மாப்பிள்ளையையே பார்த்தார். "கடைசியா 'அம்மா'ன்னு சொன்னதா நேத்து இவன் சொன்னான். நீங்களும் தலையாட்டினீங்க."

மச்சான் தலை குனிந்தான். அந்த 'அம்மா' நேற்று இரவே போன் போனாக ஊர் சுற்றிவிட்டு வந்திருந்தது. நள்ளிரவில் ஒரு சித்தி போனில் அதைச் சொல்லி அழுதபோது, அவனுக்கே அந்தக் குரல் கேட்டது போல் இருந்தது. இன்னும் இரண்டு நாள் போனால் அதுவே உண்மையாகிவிடும். அவள் சொன்னது எங்கோ அடியில் போய்விடும்.

வெளியே வண்டி வந்து நின்றது. கேப்டன் உள்ளே எட்டிப் பார்த்து, தலையை இழுத்துக்கொண்டார்.

"என்னை நினைக்கலைன்னாலும் பரவாயில்ல" என்றார் அத்தை. "அவ சொன்னது எதுவோ அது எனக்கு வேணும். 'அம்மா'ன்னு சொன்னாளா?"

"இல்ல அத்தை."

"பின்ன?"

மேசையில் மஞ்சள் இறக்கையின் ஓரத்தில் ஒரு புல் ஒட்டியிருந்தது. இன்னும் பச்சை. அவன் அதை எடுக்கவில்லை. கைகள் இரண்டும் வயிற்றுக்கு முன்னால், எதையோ பிடித்திருப்பது போல நின்றன. அவள் எப்படிச் சொன்னாளோ அப்படியே, அவசரமில்லாமல் சொன்னான்.

"பயத்துல மூக்கைத் தூக்காதடா. ம்... அப்படித்தான். இனி அது தானா இறங்கிடும்."