நாளொன்றுக்கு ஏழு சொல்

பொதுத்தேர்வில் எத்தனை மதிப்பெண்ணோ, நாளொன்றுக்கு அத்தனை சொல்தான் பிள்ளைகளின் வாயிலிருந்து வரும் என்பது, முடிவு ஒட்டிய திங்கட்கிழமை காலை வருகைப்பதிவின்போது அந்தத் தொடக்கப்பள்ளிக்குத் தெரியவந்தது. இரண்டு மதிப்பெண் எடுத்திருந்த பொடியன் ஒருவன் "உள்ளேன் டீச்சர்" என்றான். அன்றைய இருப்பு அதோடு தீர்ந்துவிட்டது. சாயங்காலம் மணியடிக்கும்வரை வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான். முப்பது எடுத்தவர்கள் பத்து மணிக்கும், ஐம்பது எடுத்தவர்கள் சாப்பாட்டு நேரத்திலும் அடங்கினார்கள். தொண்ணூற்றாறு எடுத்த ஒருவன் மட்டும் வீடு போய்ச் சேர்ந்த பிறகும் பேசினான். அவனுடைய அப்பா அந்த வாரம் முழுக்க வீட்டுக்கு ஆள் கூப்பிட்டு, மிச்சமிருந்த சொற்களில் அவனை வாய்ப்பாடு ஒப்பிக்க வைத்தார். காது மூக்கு தொண்டை மருத்துவர் அறுபது பிள்ளைகளின் வாயில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தொண்டை தொண்டையாகத்தான் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். எழுதிக் காட்டலாமே என்று முயன்றவர்களும் உண்டு. அதுவும் கணக்கில் சேர்ந்தது. சொல் தீர்ந்ததும் பென்சில் காகிதத்தில் பதியவில்லை, விடைத்தாளில் வட்டத்தைக் கருப்பாக்க மட்டும் பதிந்தது. தேர்வு வாரியத்துக்கு மனுப் போட்டதில், தாள் திருத்துவது மட்டுமே தங்கள் பொறுப்பு, பேச்சு வேறு துறை என்று பதில் வந்தது. தேர்வையே நிறுத்தினால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. தொண்ணூறு எடுத்த வீட்டுக்குக் கேட்கத் தேவையில்லை, பத்து எடுத்த வீட்டுக்குக் கேட்கத் தைரியமில்லை. இரண்டாவது மாதத்தில், உங்க வீட்டுல எத்தனை சொல் என்று காய்கறிக் கடையில் தக்காளி விலை கேட்கிற குரலிலேயே கேட்டுக்கொண்டார்கள்.

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்த ஒருத்தியின் மகளுக்கு ஏழு சொல். முதல் வகுப்புத் தேர்வில் நூற்றுக்கு ஏழு. அதுவரை அந்தச் சின்னப் பெண் பேச ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. தூக்கத்தில்கூட யாரையோ அதட்டுவாள். இப்போது வருகைப்பதிவுக்கு இரண்டு போயிற்று. பள்ளியில் தாகம் எடுத்தால் "தண்ணி" ஒன்று. மீதி நான்கை அவள் விரல் மடக்கிப் பத்திரமாக வைத்திருந்து, வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அம்மா வேலை முடிந்து வந்து, நீராவியில் வெந்த கையைக்கூடக் கழுவாமல் மகளின் எதிரில் உட்காருவாள். பாதி நாட்களில் அந்த நான்கும் பசிக்கும் கிழிந்த சட்டைக்கும் சரியாகிவிடும். ஒரு நாள் மட்டும் மகள், "மேகம் நம்ம கூடவே வந்துச்சும்மா" என்றாள். எங்கிருந்து வந்தது, எதுவரை வந்தது, அதன் பிறகு என்ன ஆனது என்று அம்மா மாறி மாறிக் கேட்டாள். மகள் நான்கு விரல்களையும் மடக்கிக் காட்டிவிட்டுச் சிரித்தாள். அன்றைக்கு அம்மா அடுப்படியில் நின்று அழுதாள். மறுநாள் சொற்களை மறுநாள் பசி எடுத்துக்கொண்டது.

பள்ளியிலிருந்து மாதம் ஒரு செய்திமடல் வரும், நான்கு பக்கம். முதல் பக்கத்தில் மதிப்பெண் வரிசை, இரண்டாம் பக்கத்தில் போன வருட வரிசை, மூன்றாம் பக்கத்தில் காணாமல் போன தண்ணீர் பாட்டில்களும் விடுமுறை நாட்களும். அதைத் தட்டச்சு செய்து, நகலெடுத்து, ஸ்டேப்ளர் பின் அடிப்பது பள்ளி எழுத்தரின் வேலை. கொட்டாவி விட்டுக்கொண்டே எதையும் சரியாகச் செய்கிற ஆள். பிள்ளைகளுக்குப் பேச்சு குறைந்த வருடம், அவர் யாரையும் கேட்காமல் நான்காம் பக்கத்தில் 'பட்டியலில் வராதவை' என்று ஒரு பத்தி தொடங்கினார். சொட்டுகிற குழாயைத் தாண்டிப் போகாமல் அதை மூடிவிட்டே போகிற ஒருத்தி. வாசலில் குவிந்த நூறு செருப்பில் எது யாருடையது என்று தப்பாமல் எடுத்துக் கொடுக்கிற ஒருவன். இப்படி ஆறேழு வரிகள், பெயர் இல்லாமல். பெற்றோர்கள் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு மடலை அலமாரித் தட்டில் விரிப்பாகப் போட்டார்கள். சலவைக்கூடத்துக்காரி மட்டும் கடைசிப் பக்கத்திலிருந்து படித்தாள். முதல் நாள் பள்ளிக்கு வந்து அழுகிற பிள்ளையின் பக்கத்தில் ஒன்றும் சொல்லாமல் போய் உட்கார்ந்து, அழுகை நிற்கும்வரை எழுந்திருக்காத ஒருத்தியைப் பற்றி ஒரு முறை வந்திருந்தது. அது தன் மகள்தான் என்று அவளுக்கு உடனே தெரிந்தது. மகள் பகலில் எப்படி இருக்கிறாள் என்பதை அந்த நான்காம் பக்கம்தான் அவளுக்குச் சொன்னது.

இரண்டாம் வகுப்பு முடிவில் எட்டு வந்தது. வாய் இல்லாதவளுக்குச் சந்தேகம் கேட்க வழியில்லை, சந்தேகம் கேட்காதவளுக்கு மதிப்பெண் வர வழியில்லை. ஊரில் படித்தவர்கள் எல்லாருக்கும் இது தெரிந்திருந்தது, யாருக்கும் தூக்கம் கெடவில்லை. அப்போதுதான் அம்மா அந்தத் தப்பைச் செய்தாள். பக்கத்துத் தெருவில் ட்யூஷன் எடுக்கிற ஒரு டீச்சரிடம் மகளைச் சேர்த்தாள். விடையைச் சத்தமாகச் சொல்ல வைப்பதுதான் அந்த டீச்சரின் முறை. சொன்னால்தான் மண்டையில் ஏறும் என்பார். வருகைப்பதிவுக்கு இரண்டு, தண்ணீருக்கு ஒன்று, ட்யூஷனுக்கு ஐந்து. "வீட்டுக்கு எதையும் மிச்சம் வைக்காத கண்ணு, அங்கேயே சொல்லிடு. அடுத்த வருஷம் நாம நிறையப் பேசலாம்" என்று அம்மாவே சொல்லி அனுப்பினாள். மகள் சொல்பேச்சுக் கேட்கிறவள். வருடம் முழுக்க வெறும் வாயோடு வீட்டுக்கு வந்தாள். ஒரு நாள் சாயங்காலம் ஓடிவந்து, அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து, ஜன்னல் பக்கம் காட்டி, வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. தேம்பித் தேம்பி அழுதாள். அம்மா ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். தெருதான் இருந்தது. மறுநாள் காலை பல் தேய்க்கும்போது, "நேத்து என்னடா சொல்ல வந்தே?" என்று கேட்டாள். மகள் எட்டு விரல்களையும் பார்த்தாள், பிறகு புத்தகப் பையைப் பார்த்தாள், தலையை ஆட்டிவிட்டு ட்யூஷன் நோட்டை எடுத்து வைத்தாள். அந்த வருடத் தேர்வில் ஒன்பது வந்தது.

வருடம் முழுவதையும் கொடுத்து ஒரு சொல் வாங்கியிருந்தார்கள். அடுத்த மாதச் செய்திமடலின் நான்காம் பக்கத்தில் ஒரே ஒரு குறிப்புதான் இருந்தது. இரண்டு வருடம் முன்பு முதல் வகுப்புத் தேர்வு நடந்த அறையில், பின்னால் இருந்த பிள்ளையின் பென்சில் முனை உடைந்ததைப் பார்த்து ஒருத்தி தன் பென்சிலைக் கொடுத்துவிட்டாள் என்றும், அதற்குள் அவள் ஏழு கேள்விகளை முடித்திருந்தாள், ஏழும் சரி என்றும், மீதி நேரம் கைகட்டி உட்கார்ந்திருந்தாள் என்றும், கண்காணிப்பாளரின் சட்டைப்பையில் அப்போது நான்கு பென்சில்கள் இருந்தன என்றும் எழுதியிருந்தது. கண்காணித்தவர் எழுத்தர்தான்.

சலவைக்கூடத்துக்காரி வேலை உடுப்போடு அலுவலகத்துக்குப் போனாள். எழுத்தர் எழுந்து நின்றார்.

"தேர்வு ஆரம்பிச்சப்புறம் எதையும் கையில குடுக்கக்கூடாதுன்னு விதி போட்டிருந்துச்சுங்க."

"அவ கேட்டாளா?"

"கேக்கலைங்க. என்னைப் பாத்தா. அவ்வளவுதான்."

"நீங்க இதை எழுதாமலே இருந்திருக்கலாம். எம்புள்ளைக்குப் படிப்பு வரலைன்னு நெனச்சுக்கிட்டு நான்பாட்டுக்கு இருந்திருப்பேன்."

எழுத்தர் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் உட்காரவில்லை. கோபப்படத்தான் வந்திருந்தாள், ஆனால் அந்த ஊரில் தன் மகளைக் கண்ணால் பார்த்திருந்த இன்னோர் ஆள் இவர் ஒருவர்தான் என்பதால் கோபம் வரவில்லை. அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. தலைமையாசிரியை மறுதேர்வுக்கு விதியில் இடமில்லை என்றார். வாரியத்தின் கண்ணில் பட்டால் பள்ளிக்குக் கெட்ட பெயர் என்று நான்காம் பக்கத்தை நிறுத்தினார். அந்த இடத்தில் மாதிரி வினாக்கள் வந்தன. எழுத்தர் அவற்றையும் பிழையில்லாமல் தட்டச்சு செய்து, பின் அடித்து அனுப்பினார். ட்யூஷன் நின்றது, வீட்டுக்கு மீந்த ஆறு சொல்லும் பசிக்கும் கிழிந்த சட்டைக்குமே போயின. மகள் பகலில் என்ன செய்கிறாள் என்பது அதன் பிறகு வீட்டுக்கு வரவே இல்லை.

ஐந்தாம் வகுப்பு முடித்து வெளியேறுகிறவர்களுக்கு இந்தக் கட்டு அவிழ்ந்துவிடும் என்பது முதல் வருடத்திலேயே தெரிந்துபோன சங்கதி. அம்மா அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தாள். நான்காம் வகுப்பு முடிவிலும் ஒன்பதுதான். இன்னும் பதினோரு மாதம், ஒன்பது மாதம், நாற்பது நாள் என்று சலவைக்கூடத்தில் உருளைகள் சுற்றும்போது எண்ணினாள். கடைசி நாளன்று, வேலைக்குச் சேர்ந்த பிறகு முதல் முறையாக விடுப்பு எடுத்துக்கொண்டு பள்ளி வாசலில் நின்றாள். பிள்ளைகள் வெளியே வந்ததும் தெரு இரைந்தது. பதினொன்று எடுத்திருந்த ஒருவன் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்காமல் பேசினான். மகள் வந்தாள். நடந்தார்கள். வீட்டுக்கு வந்து மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"பேசு கண்ணு. இனிமே எண்ண வேண்டாம்."

மகள் யோசித்தாள். அவள் முயல்கிறாள் என்பது நெற்றியில் தெரிந்தது.

"என்ன பேசணும்மா?"

"எதுன்னாலும். மனசுல இருக்கிறது எதுன்னாலும்."

"ஒன்னும் இல்லம்மா" என்றாள் மகள். அதில் வருத்தம் இல்லை, பொய்யும் இல்லை. நான்கு வருடம் அவளுக்குள் ஒரு விஷயம் எழும்போதே, இதற்குச் சொல் போதாது என்று அவள் அதை விட்டுவிடப் பழகியிருந்தாள். முதலில் சொல்வதை விட்டாள், பிறகு நினைப்பதையும் விட்டாள். அன்றைக்கு அவள் பேசியது மொத்தம் ஒன்பது சொல்தான். வரம்பு இல்லாமலே ஒன்பது. மறுநாளும் அப்படியே.

புதிய பள்ளியின் முதல் அறிக்கை மூன்று மாதம் கழித்து வந்தது. பாடங்களின் எண்களை அம்மா பார்க்கவில்லை. அடியில் வகுப்பாசிரியர் தனியாக எழுதியிருந்தார்: மிகவும் அமைதியான மாணவி, மற்றவர்களுக்கு முன்மாதிரி, நடத்தை நூற்றுக்கு நூறு. சலவைக்கூடத்தில் அந்தத் தாள் கைக்குக் கை போயிற்று. நல்லா வளத்திருக்கே என்றார்கள். அம்மாவும் ஆமாம் என்றாள். சாயங்காலம் சாப்பாடு போட்டு, மகளின் எதிரில் உட்கார்ந்தாள். மகள் சாப்பிட்டாள், தட்டைக் கழுவி வைத்தாள், "போதும்மா" என்றாள். அம்மா எழுந்து, காலையில் வேலைக்குப் போகிற உடுப்பை எடுத்து மடித்து வைத்தாள்.