ரொட்டி வண்டி போகும் வழி

ரொட்டி எப்போது வரும் என்று அந்த ஊரில் யாருக்கும் தெரியாமல் போய்ச் சில வாரங்கள் ஆகிவிட்டன. பஸ் ஸ்டாண்ட் டீக்கடைக்காரர் ஒருநாள் விடிவதற்குள் பன் வந்து இறங்கியதைப் பார்த்து, பேக்கரி முதலாளி திருந்திவிட்டார் என்று சந்தோஷப்பட்டார். மறுநாள் காலை டீக்கு வந்த கூட்டமெல்லாம் கலைந்து, அவர் அடுப்பைத் தணிக்கப் போகும் நேரத்துக்கு வண்டி வந்தது. அதற்கடுத்த நாள் எந்தப் பக்கமிருந்து வந்தது என்றே தெரியவில்லை, பின்வாசலில் ஹாரன் கேட்டது.

"பேய் ஓட்டுற வண்டி மாதிரி வருதுய்யா!" என்று அவர் முதலாளிக்குப் போன் போட்டுக் கத்தினார். முதலாளி தன் பங்குக்கு மாஸ்டரிடம் கத்தினார். மாஸ்டர் கோபத்தை மாவின் மேல் காட்டினார். வண்டி ஓட்டியவள் மட்டும் யார் கத்தினாலும் சன்னல் வழியே மழையைப் பார்க்கிறவள் போலப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவளை எல்லோரும் டிரைவரம்மா என்றார்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளுக்கு உறைக்காது. காட்டுக்குப் போய்ப் படையில் சேர்ந்த அன்றே பெற்றோர் வைத்த பெயரை வாங்கிக்கொண்டு வேறொன்றைக் கொடுத்தார்கள். சண்டை ஓய்ந்து திரும்பியபோது அந்த வேறொன்றையும் வெளியே சொல்லக்கூடாது என்றார்கள். படையில் அவள் லாரி ஓட்டினாள். அரிசி, மருந்து, தோட்டா, சில நாள் அடிபட்ட ஆட்கள். மறுவாழ்வு மையத்தில், பெண் என்றால் தையல்தான் என்று யாரோ முடிவு செய்து, தையல் கற்றுக்கொடுத்து ஒரு கம்பெனியில் சேர்த்துவிட்டார்கள். வாசலுக்கு முதுகு காட்டி உட்கார முடியாமல் அவள் தினமும் மிஷினை இழுத்துத் திருப்பிப் போட்டு, சூப்பர்வைசரின் உயிரை வாங்கி, வேலையை விட்டு வந்தாள். அடுத்தது இந்த ரொட்டி வண்டி.

இதை விட்டால் மகள் இல்லை. பால்குடி மறக்கும் முன்பே அண்ணியிடம் விட்டுப் போன மகள். அண்ணியை அம்மா என்றும் பெற்றவளை அத்தை என்றும் கூப்பிட்டு வளர்ந்துவிட்டாள். உண்மை அவளுக்குத் தெரியும், நாக்குதான் பழகவில்லை. அண்ணி ஒன்றும் கெட்டவள் இல்லை.

"உன் புள்ள. நான் இல்லேன்னு சொல்லல," என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தாள். "ஆனா இன்னிக்கு ஒரு வேலை நாளைக்கு ஒரு வேலைன்னு இருக்கறவகிட்ட எந்த நம்பிக்கைல அனுப்புவேன், சொல்லு? பெரிய லீவு வரைக்கும் இதுல நிலைச்சு நில்லு. நானே கையப் புடிச்சுக் கூட்டியாந்து விடறேன்."

நியாயமான பேச்சுதான். டிரைவரம்மா தலையாட்டினாள். மகள் வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்தது. அந்தத் தவிப்புதான் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு தாடை ஒன்று தனியாகத் தொங்கிக்கொண்டு கிடக்குமே, அப்படித்தான் கிடந்தது மனசு.

பொறுத்துப் பார்த்த முதலாளி கடைசியில் மறுவாழ்வு அதிகாரியைக் கூப்பிட்டு அனுப்பினார். வந்தவர் சின்ன வயசுக்காரர், சாப்பிடாமல் வந்திருந்தார். என்னதான் நடக்கிறது என்று பார்க்க ரொட்டி வண்டியில் அவளுக்குப் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார். பின்னாலிருந்து வந்த வாசனையில் அவருக்கு நிலைகொள்ளவில்லை.

"ஒரு பன் எடுத்துக்கலாமா?"

"எண்ணி வச்சிருக்கு சார்."

அதிகாரி கையை மடியில் வைத்துக்கொண்டார். முதல் முக்கு வந்தது. அவள் வலதுபுறம் ஒடித்து மரக்கடைக்குப் பின்னால் சந்துக்குள் விட்டாள்.

"நேராப் போனாலே பஸ் ஸ்டாண்டு ஆச்சே?"

"நேத்து நேராப் போயாச்சு."

"சரி... அதனால?"

இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பது போல அவள் அவரைப் பார்த்தாள்.

"போன வழில மறுநாள் போகக்கூடாது சார். அதே நேரத்துலயும் போகக்கூடாது."

"யாரு சொன்னா?"

"சொல்லித்தான் குடுத்தாங்க. நான் ஒரே ஒரு தடவ கேக்கல. மழைல இன்னொரு ரோடு அரிச்சுக்கிட்டுப் போயிருச்சு. ஒரு நாள்தானேன்னு முந்தின நாள் போன ரோட்லயே விட்டேன். காத்துக்கிட்டு இருந்திருக்காங்க. முன்னாடி போன என்னை விட்டுட்டு, பின்னாடி வந்த லாரிய அடிச்சாங்க. எங்க வீட்டுக்காரர் அதுலதான் இருந்தாரு."

சொல்லிவிட்டுக் கியர் மாற்றினாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. எதிரே வந்த சைக்கிள்காரருக்கு ஒதுங்கி வழிவிட்டாள். அதிகாரிக்குப் பசி போய்விட்டது.

"இங்க யாரும் காத்துக்கிட்டு இல்லம்மா," என்றார்.

"தெரியும் சார். கைக்குத்தான் தெரியல."

அதிகாரி முதலாளியிடம் போய் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். முதலாளி கல் நெஞ்சுக்காரர் இல்லை, கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆனால் வியாபாரி வியாபாரிதான்.

"பாவம்தான் சார், நான் என்ன செய்யட்டும்? டீக்கடைக்கு ரொட்டி போடறவன் நான். ஜனங்க தினம் ஒரே நேரத்துல டீ குடிக்கறாங்க, ஒரே பன்னத் தொட்டுக்கறாங்க. அத நம்பித்தான் என் அடுப்பு எரியுது. நாளைலேர்ந்து ஒரே வழி, ஒரே நேரம். ஒரு நாள் மாறினாலும் சாவிய வச்சுட்டுப் போயிரச் சொல்லுங்க."

வழியை மாஸ்டர் சொன்னார். "வாசல்லேர்ந்து இடது பக்கம். தபால் ஆபீஸ், பொண்ணுங்க பள்ளிக்கூடம், பாலம், பஸ் ஸ்டாண்டு. அவ்ளோதாம்மா. கண்ண மூடிக்கிட்டுப் போலாம்."

"கண்ண மூடச் சொல்லாதீங்க மாஸ்டர்," என்றாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவள் சிரிக்க வைக்கச் சொல்லவில்லை.

முதல் நாள் ஒன்றும் ஆகவில்லை. அந்த வழியாக முந்தின நாள் போகவில்லை என்பதால் கை சொன்னபடி கேட்டது. பள்ளிக்கூடத்து வாசலில் பிள்ளைகள் கூட்டமாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் மகளும் இருந்தாள். வண்டியைப் பார்த்தாள், கண்ணாடிக்குப் பின்னால் ஆளையும் பார்த்துக் கையைத் தூக்கினாள். பதிலுக்குக் கையைத் தூக்க வேண்டும் என்று டிரைவரம்மாவுக்குத் தோன்றியபோது வண்டி பாலத்தில் ஏறியிருந்தது.

இரண்டாம் நாள் வாசலிலேயே உள்ளங்கை வேர்த்துவிட்டது. சேலையில் துடைத்துத் துடைத்து ஸ்டியரிங்கைப் பிடித்தாள். தபால் ஆபீஸ் மொட்டை மாடியைப் பார்த்தாள், ஓரமாக நின்ற வண்டிகளுக்கு அடியில் பார்த்தாள். பள்ளிக்கூடத் தெருவுக்குள் திரும்பினாள்.

நேற்று வந்த அதே நேரம், அதே இடம். யாரோ காத்துக்கொண்டு நின்றார்கள். வாசலில் இல்லை, ரோட்டில் இறங்கி, வண்டி வரும் திசையைப் பார்த்து. கையில் நீளமாக ஏதோ இருந்தது.

கால் தானாக ஆக்ஸிலேட்டரில் அமுங்கியது. கை ஹாரனை விட்டு எடுபடவில்லை. நின்ற உருவம் துள்ளி ஓரமாக ஒதுங்கியது, வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறந்தது. பக்கக் கண்ணாடியில்தான் தெரிந்தது, யூனிஃபார்ம், இரட்டைப் பின்னல், மடக்கிய குடை. அடையாளமும் தெரிந்தது. ஆனாலும் அவள் நிறுத்தவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் நிற்காதே, திரும்பாதே என்பதுதான் அவள் படித்த பாடம்.

"அடடே, டாண்ணு வந்துட்டீங்களே!" என்று டீக்கடைக்காரர் வாயெல்லாம் பல்லாக நின்றார். காசு வேண்டாம் என்று டீ கொடுத்தார். சர்க்கரை போட்டிருந்தாரா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. பேக்கரிக்குத் திரும்பியதும் முதலாளியும் கூப்பிட்டார். "இப்படி ஓட்டுனா உன்ன ஏன் நான் அனுப்பறேன்? எத்தன வருஷம் வேணும்னாலும் இருந்துக்கோ." வேலை நிலைத்துவிட்டது. அவள் ட்ரேக்களைக் கழுவிக் கவிழ்த்தாள்.

சாயங்காலம் அவள் அறைக்குள் நுழையும்போதே அண்ணியின் போன்.

"என்ன காரியம் பண்ணித் தொலச்ச? நேத்து உன்னப் பாத்தாளாம், இன்னிக்கும் அதே நேரத்துக்கு வருவன்னு காலைலேர்ந்து கால் தரைல நிக்கல. இட்டத வாயில போட்டும் போடாம ஓடுனா. நீ என்னடான்னா புள்ள மேல ஏத்தற மாதிரி வந்தியாமே?"

"காத்துக்கிட்டா இருந்தா?"

"பின்ன? வந்ததுலேர்ந்து அழுகை. 'அத்தைக்கு என்னப் பாத்தாப் புடிக்கல, நான் அங்க போகமாட்டேன்'ங்கறா. இனி நான் எதச் சொல்லி அனுப்பட்டும்?"

டிரைவரம்மா சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள்.   பயம் வந்தது. ரோட்டில் யாராவது நிற்பார்களோ என்ற பழைய பயம் இல்லை. நாளைக்கு அங்கே யாரும் நிற்கமாட்டார்களோ என்ற பயம். எத்தனையோ வருஷமாக எதற்கும் அசையாத உடம்பு அந்த ஒன்றுக்கு நடுங்கியது.

"அண்ணி, அவகிட்ட சொல்லுங்க. நாளைக்கும் அதே வழியாத்தான் வருவேன்."

"வருவ சரி..."

"பேக்கரி வாசல்ல இடது பக்கம் திரும்புவேன். தபால் ஆபீஸ் தாண்டுவேன். முதல் மணி அடிக்கறதுக்கு முன்னாடி பள்ளிக்கூடத்துக்கிட்ட வந்துருவேன். நீல வண்டி. தனியாத்தான் இருப்பேன். வழில எங்கயும் நிறுத்தமாட்டேன், அங்க மட்டும் நிறுத்துவேன்."

அண்ணி இவ்வளவும் கேட்கவில்லை. போகிற வழியை முன்கூட்டி அவள் யாரிடமும் சொன்னதில்லை, கட்டிய புருஷனிடம்கூட. இப்போது ஒரு திருப்பம் விடாமல் சொன்னாள். தபால் ஆபீஸ் என்றபோது பல் அடித்துக்கொண்டது.

"சொல்றேன்," என்றாள் அண்ணி, குரல் கொஞ்சம் இறங்கி. "நிப்பாளான்னு என்னால சொல்ல முடியாது."

"நிக்கலேன்னா மறுநாளும் வருவேன். அதே நேரத்துக்கு."

போனில் பாத்திரச் சத்தம் கேட்டது, யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது. போன் கை மாறியது.

"எந்தப் பக்கம் நிக்கணும், அத்த?"

இடது பக்கம் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது.