நிற்காத கிளாக்

அப்பாவைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு, கை கழுவிய ஈரத்தோடே ஜெபராணி டிக்கெட் மெஷினைத் திறந்தாள். பஸ் கண்டக்டர்கள் கையில் வைத்து டிக்கெட் அடித்துக் கிழித்துக் கொடுக்கிற மெஷின். மத்தியானத்துக்குள் சார்ஜ் தீர்ந்து உயிரை வாங்குகிறது. அதன் பாகங்களை இயக்கும் 'டிரைவர்' புரோகிராமை எழுதிய புண்ணியவான் வேலையை விட்டுப் போய்விட, எல்லாம் இவள் தலையில் விடிந்தது. சனிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் பெங்களூரு ஆபீசுக்கே வந்துவிடச் சொல்லியிருந்தார் மேனேஜர். ராயப்பன்பட்டிக்கு பிராட்பேண்ட் வந்த தைரியத்தில்தான் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறாள். இவள் போய்விட்டால், வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோன மனுஷனுக்குக் கஞ்சி ஊட்ட ஆளில்லை. தேனியில் கடை வைத்திருக்கும் தம்பி சகாய பிரவீன் தினமும் தவறாமல் வருவான், போனில்.

மெஷினுக்குள் பிரிண்டருக்கும் திரைக்கும் சேர்த்து ஒரே கிளாக்; மணி காட்டுவதல்ல, பாகங்களை ஓட வைக்கும் நாடித்துடிப்பு. பிரிண்டரோ திரையோ, வேண்டியவர் 'எனேபிள்' சொல்லி அதை எழுப்ப வேண்டும். வேலை முடிந்தால் 'டிசேபிள்' சொல்லி விட்டுவிட வேண்டும். எழுப்பியவர்கள் எல்லாரும் விட்டால்தான் அது உறங்கும். ஒருவர் மறந்தாலும் போச்சு, சார்ஜைத் தின்றுகொண்டு வெட்டியாக ஓடிக்கொண்டே கிடக்கும். கசங்கிய தாளைச் செருகிப் பார்த்தாள். பேப்பர் சிக்கினால் புரோகிராம் டிசேபிள் சொல்லாமல் பாதியிலேயே திரும்பிவிடுகிறது. கடைசி வரியில் ஒரு டிசேபிளைப் போட்டாள். பேப்பரே இல்லாதபோது, புரோகிராம் கிளாக்கை எழுப்பாமலே அந்த வரிக்கு வந்து, திரை எழுப்பி வைத்திருந்த பங்கைப் பிடுங்கியது. திரை செத்துப்போனது. கஷ்டகாலம்! எழுப்பிய பிறகு சிக்கினால் மட்டும் விடும்படி மாற்றி எழுதினாள். சனிக்கிழமை, ஒரே சார்ஜில் சாயங்காலம் வரைக்கும் மெஷின் தாங்கியது.

கிறிஸ்துமஸ் வரை வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்றார் மேனேஜர். ஜெபராணிக்கு அப்பாடா என்றுகூடத் தோன்றவில்லை. முதுகு விட்டுப்போயிருந்தது. தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

"சரின்னுட்டாகளா? நல்லதாப் போச்சுக்கா. நீ இருக்கேல்ல, இனி எனக்கு ஒரு கவலையும் இல்ல" என்றான்.

அவளையும் எழுப்புவதற்கு எல்லாரும் இருக்கிறார்கள், விடுவதற்குத்தான் ஒருத்தருமில்லை.

"நாளைக்கு நீ வந்து இங்கன இரு, பிரவீனு. ஒரு நா நான் தூங்கணும்டா."

கடை, சரக்கு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று இழுத்தான். அவள் போனைப் பிடித்தபடி கட்டிலைப் பார்த்தாள். அப்பா விழித்துத்தான் இருந்தார். அவள் பார்ப்பது தெரிந்ததும், நல்ல கையால் போர்வையை மார்பு வரை இழுத்து, இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டார். இமைகள் மட்டும் துடித்துக்கொண்டிருந்தன.