கொளஞ்சியின் வலது முழங்கால்

கொளஞ்சியின் வலது முழங்கால் பேசத் தொடங்கியது 1968 ஆம் ஆண்டு, காணும் பொங்கல் கழிந்த நான்காம் நாள் காலை ஏழு மணிக்கு. அன்று விருத்தாசலத்தில் பனி அதிகம். விழுப்புரம் பாசஞ்சர் அரை மணி நேரம் தாமதமாக வந்தது. முழங்கால் முதன்முதலாகச் சொன்னது, "செங்கல்ல எடுங்க, வேவுது" என்பதுதான். ஆண் குரல் என்றும் சொல்ல முடியாது, பெண் குரல் என்றும் சொல்ல முடியாது. தாலுகா ஆபீசில் மனு வாங்கி வைக்கிறவர் பேசுவதைப் போல அவசரமில்லாத குரல். வீட்டில் அப்போது கொளஞ்சியும் அவன் மனைவி பூவாயியும் இரண்டு கோழிகளும் இருந்தார்கள். பூவாயி செங்கல்லை எடுத்தாள்.

செங்கல் அங்கே வந்ததற்குக் காரணம் உண்டு. ஊரில் பாதிப் பேருக்குப் பீங்கான் வேலை. ஊறுகாய் ஜாடி, பியூஸ் கட்டை, பொம்மை என்று ஏதாவது ஒன்று சூளைக்குள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கும். அதனால் அவர்களுக்கு நெருப்பின்மேல் அபார நம்பிக்கை. பிசுபிசு மண்ணை, தட்டினால் கணீரென்று ஒலிக்கிற ஜாடியாக்குகிற நெருப்புக்கு ஒரு சுளுக்கு எம்மாத்திரம்? குழந்தைக்குச் சளி என்றாலும் கிழவருக்கு வயிற்றுவலி என்றாலும் சூளையிலிருந்து ஒரு செங்கல்லை எடுத்து, கந்தல் துணியில் சுற்றி, வைத்துவிடுவார்கள். வேறு ஊர்க்காரர்கள் யாரும் செய்யத் துணியாத வைத்தியம் அது. காணும் பொங்கலன்று விளையாட்டாக ஆடிய சடுகுடுவில் கொளஞ்சியின் முழங்கால் பக்கவாட்டில் மடங்கி 'டொப்' என்று சத்தம் கேட்டதும், பூவாயி ஓடிப்போய்ச் செங்கல் எடுத்து வந்தாள். ஒரு மணி நேரம்கூடப் பொறுக்கவில்லை. மூன்று நாள் விடாமல் சூடு வைத்ததில் முழங்கால் பனம்பழம் அளவுக்கு வீங்கிப்போயிற்று. அது வாய் திறந்ததில் வியப்பதற்கு ஒன்றுமில்லை, எந்த முழங்காலாக இருந்தாலும் திறந்திருக்கும்.

கொளஞ்சிக்கு அப்போது இருபத்தாறு வயது. ஈர ஜாடிகள் அடுக்கிய பலகையைத் தோளில் வைத்துச் சூளைக்குக் கொண்டுபோவது அவன் வேலை. ஆனால் ஊர் அவனை அதற்காக நினைவு வைத்துக்கொள்ளவில்லை. ஆண்டுதோறும் மாசி மகத்துக்கு மணிமுத்தாற்று மணலில் விருத்தாசலத்துக்கும் மங்கலம்பேட்டைக்கும் சடுகுடுப் போட்டி நடக்கும். ஐந்து ஆண்டாகத் தொடர்ந்து மங்கலம்பேட்டைதான் ஜெயித்து வந்தது. அந்த ஐந்திலும் எதிர்க் கட்டத்துக்குள் போய் முழுசாகத் திரும்பி வந்த ஒரே ஆள் கொளஞ்சி. அவன் பாடிப் போகும்போது பொரி விற்பவர்கள்கூடப் படியால் அளப்பதை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். கட்டத்துக்குள் ஓடுகிற அந்த அரை நிமிஷம்தான் தான் உயிரோடிருப்பது என்று அவன் நினைத்தான். மற்ற நேரமெல்லாம் பலகை சுமப்பதுதான். மாசி மகத்துக்கு இன்னும் ஆறு வாரமே இருந்தது.

கொளஞ்சி வேலை பார்த்த பீங்கான் தொழிற்கூடத்து மருந்தறையில் ராஜாம்பாள் என்றொரு பெண் அந்த மார்கழியில்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். சொந்த ஊர் கடலூர். மருந்து கொடுக்காமல் தசையையும் மூட்டையும் பயிற்சியால் சரிசெய்கிற படிப்பைச் சென்னையில் முடித்தவள். ஊசி போடாத டாக்டரிடம் யார் போவார்கள்? ஒரு மாதமாக ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். 'நீட்டி மடக்கும் டாக்டரம்மா' என்று பெயர் மட்டும் வைத்துவிட்டார்கள். இரண்டு பேர் தாங்கிக் கொண்டுவந்த கொளஞ்சியை அவள் படுக்கவைத்து முழங்காலை அமுக்கியபோது, அது தானாகவே எல்லாவற்றையும் ஒப்பித்தது. எந்தப் பக்கம் மடங்கியது, எந்த நார் பாதி கிழிந்தது, செங்கல் எத்தனை முறை வந்தது என்று ஒன்று விடவில்லை. ராஜாம்பாள் அதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். நோயாளி சொல்வதைவிட இது தெளிவாக இருக்கிறது என்பதற்கு மேல் அவள் எதுவும் சொல்லவில்லை.

பிறகு தெருவில் போன குச்சி ஐஸ்காரரை நிறுத்தி, பெட்டியில் இருந்த ஐஸ் கட்டியை உடைத்துத் துணியில் கட்டி வீக்கத்தின்மேல் வைத்தாள். அடிபட்ட முதல் இரண்டு நாள் குளிர்ச்சிதான் வைத்திருக்க வேண்டும், சூடு வைத்தால் ரத்தம் பாய்ந்து வீக்கம் ஏறும் என்று விளக்கினாள். இப்போது நாள் கடந்துவிட்டது. செங்கல் மூட்டிய வீக்கத்தையாவது ஐஸ் அடக்கட்டும் என்றாள். சூளை ஊரில் குளிர் வைத்தியமா என்று வாசலில் கூடியவர்கள் சிரித்தார்கள். முழங்கால் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது. பூவாயி சிரிக்கவில்லை. தன் கையால் வைத்த சூடு என்று சுவரோரம் நின்று அழுதாள்.

"மாசி மகத்துக்கு நா பாடிப் போவணும் டாக்டரம்மா" என்றான் கொளஞ்சி.

"இந்த மாசி மகத்துக்கு இல்லீங்க கொளஞ்சி. அடுத்ததுக்குப் போங்க."

"அடுத்ததுன்னா ஒரு வருசம் இருக்குது."

"இருக்கட்டுமே" என்றது முழங்கால்.

அவன் கேட்கிற ஆளா? ஐந்தாம் வாரம் வீக்கம் வடிந்து நொண்டாமல் நடக்க முடிந்ததும், விடியலில் யாருக்கும் தெரியாமல் ஆற்று மணலுக்குப் போய் ஓடிப் பார்த்தான். பத்தடி ஓடியதும் முழங்கால் பூட்டுப் போட்டதுபோல நின்றுகொண்டு, "இந்த ஆளு சொல் பேச்சு கேக்க மாட்டேங்கறான், யாராச்சும் டாக்டரம்மாவக் கூட்டியாங்க" என்று கத்தியது. துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கொளஞ்சிக்கு மானம் போயிற்று. ராஜாம்பாள் வந்து மணலிலேயே உட்கார்ந்தாள், திட்டவில்லை. நிழலில் காயாத ஜாடியைச் சூளையில் வைத்தால் என்ன ஆகும் என்று மட்டும் கேட்டாள்.

"வெடிச்சிடும்."

"நீங்க அந்த மாதிரி வப்பீங்களா?"

பதினோரு வருஷச் சூளை வேலையில் ஒரு ஈர ஜாடியைக்கூட அவன் அவசரப்பட்டு உள்ளே விட்டதில்லை. முதலாளி துரத்தினாலும் விட்டதில்லை. இப்போது முகத்தை மூடிக்கொண்டு அழுதான். முழங்காலும் கொஞ்சம் அழுதது என்று துணி துவைத்த காசியம்மாள் பிற்காலத்தில் சொல்வாள். அந்த மாசி மகத்தில் விருத்தாசலம் ஆறாவது முறையாகத் தோற்றது. கொளஞ்சி கரையில் உட்கார்ந்து முழுசாகப் பார்த்துவிட்டு வந்தான்.

அதன்பிறகு அவனைப்போல் பயிற்சி செய்தவர் தென்னாற்காடு ஜில்லாவிலேயே கிடையாது. முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்துத் தொடையை இறுக்கிப் பத்து எண்ணுவது, காலை மடக்காமல் தூக்குவது, பிறகு கணுக்காலில் மணல் பை கட்டித் தூக்குவது, ஒற்றைக் காலில் நின்றபடி பல் விளக்குவது என்று மாதா மாதம் ஒன்று கூடியது. முழங்காலும் கூடவே எண்ணியது. அவன் ஏழுக்குப் பிறகு ஒன்பது என்று தாவினால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தது. வலியே வேண்டாம் என்று சும்மா கிடந்தால், "எந்திரிப்பா, துருப்பிடிக்கறன்" என்று எழுப்பியும் விட்டது. டாக்டரம்மாவும் முழங்காலுமாக இரண்டு மாமியார் இருக்கிற வீடு என்று கொளஞ்சியை எல்லோரும் கேலி செய்தார்கள்.

ஒன்று பேசினால் மற்றது சும்மா இருக்குமா? கணவனோடு சேர்ந்து பூவாயியும் விளையாட்டுப்போலக் காலைத் தூக்கத் தொடங்கியிருந்தாள். தரையில் குந்தியபடி அச்சுகளில் களிமண் கூழ் ஊற்றுவது ஒன்பது வருஷமாக அவள் வேலை. ஒருநாள் அவள் இடுப்பு, அத்தனை வருஷ மௌனத்தைக் கலைத்து, "ரெண்டு செங்கல்லு ஒசத்துங்க" என்றது. வேறெதுவும் கேட்கவில்லை. ராஜாம்பாள் அச்சு மேசையை இரண்டு செங்கல் உயர்த்தி, பூவாயிக்கு ஒரு முக்காலியும் போட்டாள். வாரம் திரும்புவதற்குள் வரிசையிலிருந்த நாற்பது பெண்களின் இடுப்பும் அதையே கேட்டன. சாயம் தீட்டுகிறவர்களின் கழுத்தும் பலகை சுமப்பவர்களின் தோளும் சேர்ந்துகொண்டன. மேனேஜருக்கு முதலில் கோபம். மூட்டுகள் வேலை நேரத்தில் பேசக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை எழுத உட்கார்ந்தார். இரண்டாவது வரியில் அவருடைய கழுத்தே, "குனிஞ்சிக்கினே எழுதாதீங்க சார்" என்றுவிட்டது. அன்று முதல் மணிக்கொரு தரம் சங்கு ஊதியது. ஊதியதும் எல்லோரும் எழுந்து, இடுப்பில் கைவைத்து, பின்னால் வளைந்து வானத்தைப் பார்த்தார்கள். அந்த ஆண்டு ஜாடிகளில் உடைசல் குறைந்தது. பெண்கள் வேலை முடிந்து போகும்போது பாட்டுச் சத்தம் கேட்டது. ஊரே அப்போது சந்தோஷமாக இருந்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஐப்பசியில் மங்கலம்பேட்டை அணித் தலைவர் சையது இபுராகிம் பஸ்ஸில் வந்து இறங்கினார். கட்டிப் பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது; பிடித்துப் பிடித்தே தோள் நழுவியிருந்தது. எதிரிக்கு வைத்தியமா என்று சிலர் முணுமுணுத்தார்கள். வலிக்கு ஊர் எல்லை தெரியாது என்று ராஜாம்பாள் அவருக்கும் ரப்பர் டியூபை ஜன்னல் கம்பியில் கட்டி இழுக்கக் கற்றுக்கொடுத்தாள். சையது இபுராகிமும் கொளஞ்சியும் ஒரே பெஞ்சில், ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்திருப்பார்கள். அவர் தோளும் இவன் முழங்காலும் மட்டும் மழை, நெல் அறுப்பு என்று ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும்.

1969 மாசி மகம் வந்தது. ஆற்று மணலில் கூட்டம் கொள்ளவில்லை. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்ற நடராசன் விசிலோடு நடுக்கோட்டில் நின்றார். விருத்தாசலம் அணியினர் கால் மணி நேரம் உடம்பைச் சூடேற்றி, கை காலை நீட்டி மடக்கிய பிறகே கட்டத்துக்குள் இறங்கினார்கள். மங்கலம்பேட்டைக்காரர்களும் அதையே செய்தார்கள். ஆட்டம் முடிய ஒரு நிமிஷம் இருக்கையில் விருத்தாசலம் இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தது. கொளஞ்சி பாடிப் போனான்.

மூன்று பேரைத் தொட்டான். திரும்பும்போது அந்த மூவரும் அவன் இடுப்பையும் காலையும் பிடித்துச் சாய்த்தார்கள். மேலே சையது இபுராகிம் விழுந்தார். நடுக்கோடு ஒரு முழம் தூரத்தில் இருந்தது. 'சடுகுடு சடுகுடு' என்று ஒரே மூச்சில் பாடிக்கொண்டே மணலைக் கீறி நகர்ந்தான். ஒரு சாண் மிச்சமிருக்கையில் மூச்சு தீர்ந்தது. பாட்டு நின்றால் ஆட்டம் முடிந்தது, ஒரு வருஷம் முடிந்தது. கூட்டம் 'உச்' கொட்டியது. பூவாயி கண்ணை மூடிக்கொண்டாள்.

பாட்டு நிற்கவில்லை. கொளஞ்சியின் வாய் மணலில் புதைந்து கிடக்க, வலது முழங்கால் அதே சுருதியில், இடைவெளி விடாமல், 'சடுகுடு சடுகுடு' என்று எடுத்துப் பாடியது. பாடிக்கொண்டே நீண்டது. ஒரு வருஷமாக மணல் பை தூக்கிய தொடை நான்கு ஆட்களையும் இழுத்துக்கொண்டு போய்க் கட்டைவிரலைக் கோட்டில் வைத்தது.

நடராசன் விசில் ஊதவில்லை. மண்டியிட்டு முழங்காலுக்கு அருகில் காதை வைத்துக் கேட்டார். பாட்டு இடையில் அறுந்ததா என்று பிடித்த நால்வரையும் விசாரித்தார். அறுபடவில்லை என்று மூவர் ஒப்புக்கொண்டார்கள். சையது இபுராகிம் மட்டும், வாயால் பாட வேண்டும் என்பதுதானே வழக்கம் என்று கேட்டார். அதில் நியாயம் இருந்தது. அப்போது அவருடைய தோள், "பாட்டு நிக்கலீங்க பாய். நாந்தான் பக்கத்துல இருந்தனே" என்றது. அவர் தோளைத் திரும்பிப் பார்த்தார், பிறகு மணலில் மல்லாந்து கிடந்தபடியே விழுந்து விழுந்து சிரித்தார். நடராசன் நான்கு பேரையும் அவுட்டு என்று விசில் ஊதினார். ஆறு தோல்விக்குப் பிறகு விருத்தாசலம் ஜெயித்தது.

ஊர் கொளஞ்சியைத் தூக்கப் பார்த்தது. அவன் விடவில்லை. கரையோரம் தனியாகப் போய் உட்கார்ந்து, முழங்காலில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டான். ஏன் பாடினாய் என்று அதனிடம் கேட்டான்.

"எனக்காவ நீ ஒரு வருசம் பொறுத்த. ஒனக்காவ நா ஒரு மூச்சு புடிக்க மாட்டனா?"

அவன் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். பூவாயி ஐஸ் கட்டியோடு வந்தாள்.

அடுத்த ஆண்டுப் போட்டிக்கான நோட்டீசில், 'பாட்டு வாயிலிருந்தோ மூட்டிலிருந்தோ வரலாம். இடையில் நிற்கக் கூடாது' என்று ஒரு விதி சேர்க்கப்பட்டது. மங்கலம்பேட்டை அச்சகத்தில்தான் அடித்தார்கள். அச்சுக்கோப்பவர் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, மஞ்சள் தாளில் முந்நூறு பிரதி போட்டுக் கொடுத்தார்.